சொல்யூஷன், ஒயிட்னர் முகரும் சிறுவர்கள்: சட்டம் அவர்களை எப்படிப் பார்க்கிறது?

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பிளாஸ்டிக் கவருக்குள் பிழிந்து முகர்வது, தின்னரைக் கர்ச்சீப்பில் நனைத்து இழுப்பது என்று ஒரு பையன் பழகிவிட்டது தெரிந்தால், வீட்டில் முதலில் எழும் பயம் போலீஸ் கேஸ்தான். அதனாலேயே பலர் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள்.

அந்தப் பயம் தேவையில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இந்தப் பசைகள் வருவதில்லை. சிறார் நீதிச் சட்டமோ (2015), போதைப் பழக்கத்துக்குள் இழுக்கப்படும் நிலையில் உள்ள 18 வயது நிரம்பாதவரைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. அந்தப் பிள்ளையின் விஷயத்தைப் பார்க்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு.

குழுவிடம் பிள்ளையைக் கொண்டுபோக போலீஸ்தான் வர வேண்டும் என்பதில்லை. டாக்டர், நர்ஸ், சமூக ஆர்வலர், அக்கறையுள்ள யாராக இருந்தாலும் சரி. பிள்ளையே நேராகப் போகலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டும் சொல்லலாம். அழைத்துப்போகிறவர் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும்.

"ஹோமில் போட்டுவிடுவார்களோ?" என்ற கேள்வி அடுத்து வரும். விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. கண்காணிப்போடு பெற்றோரிடமே ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

சட்டத்தில் ஓட்டை இருப்பது விற்பவர் பக்கம். சிறுவர்களுக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்ச ரூபாய் வரை அபராதம். ஆனால் எது போதைப்பொருள் என்பதற்கு 1985 சட்டத்தின் பட்டியலே அளவுகோல். அதில் பசை இல்லாததால் கடைக்காரர் எளிதில் நழுவிவிடலாம். பாட்டில் ஒயிட்னர், தின்னர் சில்லறை விற்பனைக்கு 2012-இல் மத்திய அரசு தடை போட்டது. பேனா வடிவில், எச்சரிக்கை வாசகத்தோடு விற்கலாம். சைக்கிள் கடை சொல்யூஷன் டியூபுக்கு அந்தத் தடை இல்லை. இத்தனைக்கும், பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் காணப்படும் ஒரே போதை இப்படி முகர்வதுதான் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொன்னது: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58.

உடல் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். முதல் தடவையிலேயே உயிர் போகலாம். அந்த நேரத்தில் திடுக்கிட்டாலோ ஓடினாலோ ஆபத்து கூடும். ஆகவே கையும் களவுமாகப் பிடித்தாலும் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். நிதானமாகப் பேசி, கவரை வாங்கி வைத்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் உடனே 108.

அப்புறம் சிகிச்சை. இந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று தனி மாத்திரை கிடையாது, கவுன்சலிங்தான் முக்கியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் பக்கத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தைச் சொல்வார்கள். போகும்போது அந்த டியூபையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன ரசாயனம் என்று டாக்டர் கேட்பார்.