சேட்டு எப்படி சார் சிறுபான்மை?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குடும்ப வழக்கு, சொத்து வழக்கு நடத்துகிற வக்கீல் நான். ஜைனக் குடும்பங்களும் என்னிடம் வருவதுண்டு, பெரும்பாலும் தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்து அடகுக்கடை, ஜவுளிக்கடை என்று இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். ஏதாவது ஒரு பாரத்தில் மதம் என்ற கட்டம் வந்தால் போதும், அப்பா ‘இந்து’ என்பார், மகன் ‘ஜெயின்னு போடுங்க சார், ஸ்காலர்ஷிப் இருக்கு’ என்பான். அவர்கள் போன பிறகு என் குமாஸ்தா கேட்பார்: ‘காசுள்ள சேட்டு எப்படி சார் சிறுபான்மை?’

காசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தலைக்கணக்குதான். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஜைனர்கள் சுமார் 44.5 லட்சம், அதாவது 0.37 சதவீதம். தமிழ்நாட்டில் 90 ஆயிரத்துக்கும் குறைவு. மகாவீரர் பிறந்ததும் முக்தி அடைந்ததும் பீகாரில் என்கிறார்கள், அங்கே 20 ஆயிரம் பேர்கூட இல்லை. 1993-லேயே ஐந்து மதத்தாரைத் தேசிய சிறுபான்மையினர் என்று அறிவித்தாயிற்று. ஜைனர்கள் ஆறாவதாகச் சேர 2014 ஜனவரி 27 வரை காத்திருந்தார்கள். இடையில் உச்ச நீதிமன்றம் போய், 2005-ல் அங்கேயும் கை விரித்துவிட்டார்கள்.

வடக்கிலிருந்து வந்த மதம்தானே என்று நம்மூரில் பேசுவதும் சரியில்லை. தகடூர் என்ற பழைய பெயருள்ள இதே தருமபுரியில் நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற வணிகர் வீட்டு அண்ணன் தம்பி ஒரு ஜைனப் பள்ளி, அதாவது ஜைனக் கோயில், கட்டினார்கள், நுளம்ப மன்னன் மகேந்திரன் அதற்கு ஊர் கொடுத்தான் என்று கி.பி. 893-ஆம் ஆண்டு தூண் கல்வெட்டு சொல்கிறது. போளூர் பக்கம் திருமலையில் யட்சன், யட்சி என்ற ஜைனக் காவல் தெய்வங்களின் உருவங்களைப் புதுப்பித்த விடுகாதழகிய பெருமாளும் தகடூர் அதியமான் வழி வந்தவர்தான்.

சரி, வழக்குக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் சிலர் மெதுவாக ஒன்று கேட்பார்கள்: ‘நாங்கதான் தனி மதம்னு ஆயிடுச்சே, அப்போ பொண்ணுக்குப் பங்கு தர வேண்டியதில்லை, இல்லையா?’ தர வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, இந்து திருமணச் சட்டம் 1955 இரண்டுமே பௌத்தர், ஜைனர், சீக்கியருக்கும் பொருந்தும் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்ற 2005 திருத்தமும் அப்படியே பொருந்தும். 2014 அறிவிப்பு சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் வந்தது, அது உங்கள் கல்யாணத்தையோ பாகப்பிரிவினையையோ தொடவில்லை. வேடிக்கை என்னவென்றால், கூட்டுக்குடும்பமாக வருமான வரி கட்டும்போது மட்டும் இந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை!

கோர்ட்டே குழம்பியதும் உண்டு. இந்தூரில் ஒரு ஜைனத் தம்பதி சம்மதத்தோடு விவாகரத்து கேட்டுப் போட்ட மனுவை, நீங்கள் சிறுபான்மை, இந்து திருமணச் சட்டத்தில் வர முடியாது என்று குடும்ப நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால் மனுவில் மதம் ஜைனம் என்றே எழுதுங்கள், சம்மத விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டப்பிரிவு 13பி என்றே போடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

அறிவிப்பால் கிடைப்பது வேறு: சொந்தமாகக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை, கல்வி உதவித்தொகை, டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கடன். உதவித்தொகைக்கும் கடனுக்கும் வருமான வரம்பு உண்டு, கடை நன்றாக ஓடுகிற வீட்டுக்கு அனேகமாக எட்டாது. வேலையில் இட ஒதுக்கீடு இதனால் வராது, சிலர் அதை நம்பி அலைகிறார்கள்.

மதம் பள்ளி டி.சி.யில் ஒன்று, சாதிச் சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும், பிள்ளை ஒன்பதாவது போவதற்குள் சரிசெய்துவிடுங்கள். அப்புறம் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 படிவத்தில் ஜைனத்துக்குத் தனி எண்ணே இருந்தது, ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர் பெயரைக் கேட்டுவிட்டுத் தானாகவே ‘இந்து’ போட்டுக்கொள்ள வாய்ப்பிருக்கிறது, நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். வந்தவாசி, திண்டிவனம் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்திருக்கிற தமிழ் ஜைனர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், பெயரும் பேச்சும் நம்மைப் போலவே இருப்பதால் அவர்களிடம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.