ஏ.சி.எல்.: தமிழில் எப்படிச் சொல்வது?

விரித்தால் ‘ஆன்டீரியர் குரூசியேட் லிகமென்ட்’. லிகமென்ட்டின் வேர், கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் ‘லிகாரே’. குரூசியேட் வந்தது சிலுவை என்னும் பொருளுள்ள ‘குருக்ஸ்’ என்பதிலிருந்து. முழங்காலுக்குள் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு நார்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் பிடித்துவைப்பது முன்னது, அதுதான் ஏ.சி.எல்.

நம் ஊரில் இது ஜவ்வு. ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்றால் கபடி ஆடுகிறவர் வீட்டில் எல்லாருக்கும் புரியும். ஆனால் மூட்டுக்கு இடையிலுள்ள பிறை வடிவக் குருத்தெலும்பையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். பத்திரிகைகளில் ‘தசைநார்’. அதிலும் சிக்கல் உண்டு. தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண், ஏ.சி.எல். கட்டுவதோ எலும்பை எலும்போடு. கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் பொருத்துவது வழக்கமான அறுவை முறைகளில் ஒன்று. இரண்டையும் தசைநார் என்றே எழுதினால், எதை எடுத்து எங்கே வைத்தார்கள் என்று வாசிப்பவருக்கு எப்படிப் புரியும்? எனக்கு ‘முன்குறுக்குப் பிணைநார்’ பிடித்திருக்கிறது. ‘முன் சிலுவை நார்’ தப்பில்லை, ஆனால் சிலுவை என்றதும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

சரி, மகளிர் விளையாட்டுச் செய்திகளில் இந்தப் பெயர் ஏன் இத்தனை அடிபடுகிறது? அதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் கிழிவது 2 முதல் 8 மடங்கு வரை அதிகம் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கிறது. எம்பி இறங்கும்போதோ ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கம் சாய்கிறது, ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அகன்ற இடுப்பு, பின்தொடையை மிஞ்சி வேலைசெய்யும் முன்தொடைத் தசை என்று காரணம் அடுக்குவார்கள். மாதவிடாய்ச் சுழற்சிக்குப் பங்கு உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் பெண்ணுடம்பின் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஆண் பாதத்துக்கு அளவெடுத்த பூட்ஸையும் சரியான உடற்பயிற்சியாளர் இல்லாத அணிகளையும் யார் கணக்கில் சேர்ப்பது?

2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா மூவரும் இதனால்தான் இழந்தார்கள். மூவருமே அப்போது ஆர்செனல் வீராங்கனைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கும் பயிற்சியின்போது முட்டியில் அடி. அறுவை சிகிச்சையால் ஆசிய விளையாட்டுப் போட்டி கைநழுவியது.

களத்துக்குத் திரும்பப் பொதுவாக 9 முதல் 12 மாதம் ஆகும். அப்புறம், தடுக்கவும் வழி இருக்கிறது. ‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட முன்பயிற்சியில் குதித்து இறங்குவதையே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள்: முட்டி உள்ளே சாயாமல், பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும்.