சிலியா: இமைமயிரா, பிசிரா, குற்றிழையா?

லத்தீனில் 'சிலியம்' என்றால் முதலில் கண்ணிமை. பிறகு இமைமயிரையும் அதே சொல்லால் குறித்தார்கள். அதன் பன்மைதான் சிலியா. செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளுக்கு இப்பெயர் கனகச்சிதம். மூச்சுக்குழலில் சிலியா உள்ள செல் ஒன்றில் சுமார் 200 இழைகள் நெருங்கி நிற்கும். காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல் அலையலையாக அடித்துச் சளியையும் தூசியையும் தொண்டைக்கு ஏற்றிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது குறு இழை. சிறு ஊர் சிற்றூர் ஆவதுபோல, சேர்த்தால் குற்றிழை. இலங்கையில் பிசிர் என்கிறார்கள். வேட்டி ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் கண்முன் வருகிறது, அழகான சொல்தான். ஆனால் பிசிரைக் கண்டால் கை கத்தரியைத் தேடுமே!

உயிரியலாளர்களும் ஒருவகைச் சிலியத்தை அப்படித்தான் ஒதுக்கினார்கள். நம் செல்களில் பெரும்பாலானவற்றில் ஒற்றைச் சிலியம் ஒன்று உண்டு. அசையும் சிலியத்தில் ஒன்பது இரட்டை நுண்குழல்கள் வட்டமாக நிற்க, நடுவே இன்னும் இரண்டு இருக்கும். இந்த ஒற்றைச் சிலியத்தில் நடுவே அந்த இரண்டும் இல்லை. பொதுவாக அசையவும் அசையாது. 1898இல் கார்ல் சிம்மர்மன் இதை விவரித்தும், பரிணாமத்தில் எஞ்சிப்போன உறுப்பு என்றே நெடுங்காலம் பலர் எண்ணினார்கள்.

2000இல் பார்வை மாறியது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் ஒருவகை எலியில் இந்தச் சிலியம் குட்டையாக இருந்தது. அந்த எலியில் ஒரு மரபணு பழுதுபட்டிருந்தது. அதற்கு இணையான மரபணுதான் கிளாமிடோமோனாஸ் என்ற பாசி நீந்தப் பயன்படுத்தும் கசையிழையையும், அதாவது சாட்டைபோன்ற நீண்ட சிலியத்தையும், வளர்க்கிறது. பாசிக்கும் நமக்கும் பொதுவான ஒருசெல் மூதாதையிடமே இந்த இழை இருந்திருக்கிறது.

2003இல் இன்னொரு திருப்பம். கருவில் விரல்களையும் நரம்புத் தண்டையும் வடிவமைக்கும் ஹெட்ஜ்ஹாக் புரதத்தின் சமிக்ஞைக்கும் எலியில் இந்தச் சிலியமே தேவை என்று தெரிந்தது. ஹெட்ஜ்ஹாக் வராதவரை பேட்ச்டு என்ற புரதம் சிலியத்தில் இருந்துகொண்டு ஸ்மூதென்டு என்ற புரதத்தை அங்கே சேரவிடாது. ஹெட்ஜ்ஹாக் வந்து ஒட்டியதும் பேட்ச்டு வெளியேற, ஸ்மூதென்டு உள்ளே குவிந்து சேதியைக் கடத்தும்.

ஆண்டெனா வேலை பார்ப்பதை இமைமயிர் என்பதும் பிசிர் என்பதும் பொருந்தவில்லை. குற்றிழை அளவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது; என் ஓட்டு அதற்கே. ஹெட்ஜ்ஹாக்கை முள்ளெலிப் புரதம் எனலாம். அந்த மரபணு கெட்ட பழ ஈயின் புழு முள்ளெலிபோல் சிலிர்த்து நின்றதால் வந்த பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழ ஈயின் பெரும்பாலான செல்கள் குற்றிழையே இல்லாமல் இதே சேதியைக் கேட்டுக்கொள்கின்றன.