வலியேற்பியா, ஊறேற்பியா?

உடலுக்கு நேரும் தீங்கை அறியும் நரம்பு முனையாகிய 'நோசிசெப்டர்' என்பதை 'வலியேற்பி' என்று தமிழாக்கும் வழக்கம், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு தொடுகையையும் வெப்பத்தையும் அறியும் புரதங்களைக் கண்டறிந்தவர்களுக்குக் கிடைத்தது முதலே கண்ணை உறுத்தி வருகிறது. 'ரிசெப்டர்' பெறுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையில் பிறந்தது. அதற்குத் தமிழகத்தில் வழங்கும் 'ஏற்பி', இலங்கையில் வழங்கும் 'வாங்கி' ஆகிய இரண்டுமே பொருந்துவன. 'ஏற்பது இகழ்ச்சி' என்ற ஔவையும் ஏற்றலைப் பெறுதல் என்றே ஆள்கிறார்.

பிழை 'வலி'யில் இருக்கிறது. ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் செரிங்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைப் படைத்தபோது, தீங்கு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையையே அடியாகக் கொண்டார். தோலில் உள்ள நரம்பு முனை வலியை ஏற்பதில்லை. அழுத்தம், சூடு, வேதிப்பொருள் ஆகியவற்றால் திசுவுக்கு நேரும் தீங்கை மின்குறிப்பாக மாற்றி அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது, வலியோ மூளையில்தான் எழுகிறது. வெட்டி நீக்கப்பட்ட காலில் வலிப்பதாகச் சொல்லும் நோயாளிக்கு அங்கே எந்த ஏற்பியும் இல்லை. சுமார் 43 பாகை செல்சியசில் திறக்கும் டிஆர்பிவி1 என்னும் புரதத்தை மிளகாயின் கேப்சைசினும் திறந்துவிடுவதால்தான், சூடே இல்லாத நாக்கை 'எரிகிறது' என்கிறோம். அங்கே புரதம் ஏற்றது ஒரு வேதிப்பொருளை, எரிச்சலை அன்று. 'வலி என்றால் வாசகருக்கு உடனே விளங்குமே' என்பார்கள். விளங்குவது தவறான செய்தி என்றால் அந்த எளிமையால் என்ன பயன்? 'பெயின் ரிசெப்டர்' என்னும் ஆங்கிலப் பேச்சுவழக்கிலுள்ள தளர்ச்சியையும் சேர்த்தே பெயர்த்துவிட்டு, கலைச்சொல் ஆக்கியதாக நம் மொழிபெயர்ப்பாளர்கள் மகிழ்கிறார்கள். புலன்களின் ஏற்பிகளுக்கு வழங்கும் 'உணர்வேற்பி'யும் இதே கோளாறு உடையது: உணர்வு விளைவு, ஏற்கப்படுவது தூண்டல்.

'ஊறேற்பி' என்பதே என் பரிந்துரை. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்னும் குறளில் ஊறு தொடுபுலன். 'ஊறு விளைவித்தல்' என்று இன்றும் எழுதும்போது அது தீங்கு. உடலைத் தொட்டுத் தீங்கு செய்வதை அறியும் உறுப்புக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வாய்த்த சொல் வேறு மொழியில் எளிதில் கிடைக்காது. குழப்பம் வராதா எனலாம். மெல்லிய தொடுதலை அறியும் மெர்க்கெல் செல்களுக்கும் அதிர்வை அறியும் பாசினி நுண்ணுறுப்புகளுக்கும் 'தொடுகையேற்பி' இருப்பதால், ஊறு தீங்குக்கே ஒதுங்கிவிடும். புணர்ச்சியில் றகரம் இரட்டி 'ஊற்றேற்பி' ஆக வேண்டுமே என்பாரும் உளர். அவ்விதி பெரும்பான்மை பற்றியது, இரட்டினால் நீரூற்றுதான் நினைவுக்கு வரும்.