குறைமாசப் பிள்ளை ஏன் முகத்தைத் திருப்புது?

என்ர தங்கச்சிக்கு மூத்தது 32 கிழமையில பிறந்தது. அதே கிழமை பக்கத்து வளவிலயும் ஒரு பிள்ளை, அது மாசம் நிரம்பிப் பிறந்தது. ரெண்டரை மாசத்தில அந்தப் பிள்ளை தாயைக் கண்டா சிரிக்குது, ஊங்கு கொட்டுது, எங்கட குஞ்சு என்னெண்டா தங்கச்சி கிட்டப் போய் முகம் பாத்துக் கொஞ்சினா மற்றப்பக்கம் திரும்புது, விக்கலும் எடுக்குது. "பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல அக்கா" எண்டு ஏணைக்குப் பக்கத்தில இருந்து அழுதாள்.

பிடிக்காம இல்லை. முதல்ல வயசைச் சரியாக் கணக்குப் பாக்க வேணும். 37 கிழமைக்கு முதல் பிறந்தா குறைமாசம். 40 கிழமைக்கு 8 கிழமை முந்திப் பிறந்த பிள்ளைக்கு, பிறந்து 10 கிழமை எண்டா உண்மையில 2 கிழமை வயசுதான். முகம் பாத்துச் சிரிக்கிறது பொதுவா 6, 8 கிழமையிலதான் வரும். பக்கத்து வளவுப் பிள்ளையோட ஒப்பிடவே கூடாது.

மற்றது, பிள்ளையின்ர உடம்புக்குள்ள நடக்கிற வேலை. முத்தையன்கட்டு வாய்க்கால்ல தண்ணி திறந்தா தலைப்பு வயல் நனைஞ்சுதான் கடைசி வயலுக்கு வரும், இதுவும் அப்பிடித்தான். மூச்சு, இதயத்துடிப்பு, உடம்புச் சூடு இதுகள் முதல்ல நிதானத்துக்கு வரவேணும், பிறகு கைகால் அசைவு, பிறகு நித்திரையும் முழிப்பும், அதுக்குப் பிறகுதான் தாயின்ர முகத்தை ஆறுதலாப் பாக்க மிச்சமிருக்கும். 1982இல ஹைடலிஸ் ஆல்ஸ் எண்ட உளவியலாளர் இதை இப்பிடித்தான் படிப்படியா விளக்கினவ. இதயத்துக்குப் பிரேக் மாதிரி வேலை செய்யிற வேகஸ் நரம்புக்கு, சேதி வேகமாப் போக உதவுற மேல்உறை வளருறது கர்ப்பத்தின்ர கடைசி மாசங்களிலயும் பிறந்த பிறகும்தான், குறைமாசப் பிள்ளை அந்த மாசங்களை ஆஸ்பத்திரியில சூடு குடுக்கிற கண்ணாடிப்பெட்டிக்குள்ள (இன்கியுபேற்றர்), லைற்றுக்கும் மெசின் சத்தத்துக்கும் நடுவில கழிக்குது.

அதால கொஞ்சம் கூடினாலே அதுக்குத் தாங்காது. விரலெல்லாம் விரிக்கும், கொட்டாவி விடும், தும்மும், விக்கல் எடுக்கும், நிறம் மாறும், பார்வையைத் திருப்பும். இதெல்லாம் "காணும், கொஞ்சம் பொறுங்கோ" எண்டு சொல்லுற பாஷை. கையை வாய்க்குள்ள வைக்கிறது, சீலைத்தலைப்பை இறுக்கிப் பிடிக்கிறது எல்லாம் தன்னைத்தானே ஆத்துற வேலை. இது தெரியாம பதில் வரேல்லையெண்டு தாய் இன்னும் கிட்டப் போய், இன்னும் பலமாக் கதைச்சு, கிலுக்கிட்டியும் ஆட்டினா பிள்ளை இன்னும் திரும்பும். தங்கச்சி அதைத்தான் செய்தவள், அன்பாலதான் செய்தவள்.

மாசம் நிரம்பின பிள்ளையளும் திரும்புறதுதான். 1978இல எட்வர்ட் ட்ரோனிக் எண்ட உளவியலாளரும் அவரோட சேந்த ஆக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டவை. தாய்மாரைக் கொஞ்ச நேரம் முகத்தில ஒரு அசைவும் இல்லாம இருக்கச் சொன்னவை, பிள்ளையள் முதல்ல சிரிச்சு, கையாட்டிக் கூப்பிட்டுப் பாத்திட்டு, சரிவரேல்லை எண்டோண்ண முகத்தைத் திருப்பிக்கொண்டுதுகள். ட்ரோனிக் பிறகு சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்: நல்லாப் பொருந்தின தாயும் பிள்ளையும் கூட கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு நேரம்தான் ஒத்துப்போவினம். மிச்ச நேரம் பிசகுறதும் திரும்பச் சேருறதும்தான், அந்தச் சேருறதிலதான் பிள்ளை ஆறப் பழகுது. எங்கட பக்கம் இழப்பைச் சுமந்துகொண்டு பிள்ளை வளக்கிற தாய்மார் கனபேர், அவையின்ர முகம் சில நாள் அசையாமல்தான் இருக்கும், அதுக்கு அவையைக் குறை சொல்லாம அம்மம்மாவோ சித்தியோ ரெண்டு மணித்தியாலம் பிள்ளையை வாங்கி வைச்சிருந்தாலே பெரிய உதவி.

குறைமாசத்துக்கு நல்ல மருந்து நெஞ்சுச் சூடு. 1978இல கொலம்பியாவின்ர பொகோட்டாவில, கண்ணாடிப்பெட்டி காணாத இடத்தில, எட்கர் ரே எண்ட டொக்டர் பிள்ளையளைத் தாயின்ர வெறும் நெஞ்சில கட்டி வைக்கத் தொடங்கினவர், அதுதான் இப்ப கங்காரு முறை. உலக சுகாதார நிறுவனம் 2022இல, பிறந்த உடனயே தொடங்கி ஒரு நாளைக்கு 8 தொடக்கம் 24 மணித்தியாலம் வரை செய்யச் சொல்லியிருக்கு. தாயின்ர மூச்சோடயும் சூட்டோடயும் பிள்ளையின்ர துடிப்பும் மூச்சும் நிதானத்துக்கு வருது, தாயின்ர பயமும் குறையுது.

எங்கட மிட்வைஃப் மிஸ் தங்கச்சிக்குச் சொன்னது ஒண்டுதான்: முகம் எண்டா முகம் மட்டும், குரல் எண்டா குரல் மட்டும், ரெண்டையும் ஒரேயடியாக் குடுக்காதேங்கோ. இப்ப விக்கல் வந்தா அவள் கதையை நிப்பாட்டி, சின்னி விரலைப் பிடிக்கக் குடுத்திட்டுப் பேசாம இருப்பாள். கொஞ்சத்தால கண் தானாத் திரும்பி வரும். 15ஆவது கிழமை ஒரு காலமை பால் குடிச்சு முடிச்சு நிமிந்து பாத்துச் சிரிச்சிருக்கு, அழுதுகொண்டு எனக்குக் கோல் எடுத்தவள். 15இல 8 போக 7.