பூங்கா வேலை டெண்டரில் அநீதி நடந்ததாகக் கருதினால்: கொழும்பு ஒப்பந்தக்காரருக்கு உள்ள வழிகள்

புல் பதித்தல், மரக்கன்று நடுதல், வீதி நடுவிலுள்ள பூப்பாத்திகளைப் பராமரித்தல் போன்ற வேலைகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் விலைமனு கோரும்போதெல்லாம், குறைந்த விலை போட்டவரை ஒதுக்கிவிட்டு வேண்டியவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்ற முறைப்பாடு எழுகிறது. அதில் உண்மை இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அரச பெறுகை (கொள்வனவு) விதிகள் குறைந்த விலைக்கே வேலை என்று சொல்லவில்லை. கேள்விப்பத்திரத்தின், அதாவது டெண்டர் ஆவணத்தின், நிபந்தனைகளைப் போதிய அளவு நிறைவேற்றிய விலைமனுக்களுள், மதிப்பீட்டுக்குப் பின் குறைந்த விலையாக நிற்பதற்கே வேலை வழங்கப்பட வேண்டும் என்றே அவை சொல்கின்றன. ஆகவே, எழுதி வெளியிட்ட நிபந்தனைகளை மட்டும் வைத்து எல்லோரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டார்களா என்ற கேள்வியில்தான் வழக்கின் பலம் இருக்கிறது.

முதலில், டெண்டரை அழைத்தவர் யார் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். விகாரமகாதேவிப் பூங்கா கொழும்பு மாநகர சபையின் பொறுப்பில் உள்ளது. பத்தரமுல்லையிலுள்ள தியத்த உயன நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகிறது. தெஹிவளை - கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனி மாநகர சபைகள் உண்டு. தகவல் கேட்கும் இடமும் வழக்குத் தொடரும் நீதிமன்றமும் இதைப் பொறுத்தே அமைவதால், தவறான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் கையிலுள்ள காலத்தை இழக்கிறார்.

பெறுகை விதிகளை வகுப்பது தேசிய பெறுகை ஆணைக்குழு. 19ஆம் திருத்தத்தால் 2015இல் அரசியலமைப்பில் இடம்பெற்ற இவ்வாணைக்குழு, 2020இல் 20ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆம் திருத்தத்தால் மீண்டும் அமைக்கப்பட்டது. நீண்டகாலம் நடைமுறையிலிருந்த 2006ஆம் ஆண்டு வழிகாட்டல்களுக்குப் பதிலாக, அது வெளியிட்ட புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய டெண்டர் ஒன்றின் அனுபவத்தைக் கொண்டு புதியதில் வாதாடுமுன், எந்த வழிகாட்டல் பொருந்துகிறது என்பதைக் கேள்விப்பத்திரத்திலேயே பார்த்துக்கொள்வது அவசியம்.

நிலவனப்பு வேலையில் பாரபட்சம் பெரும்பாலும் விலைமனு திறக்குமுன்பே நுழைந்துவிடுகிறது என்பதே என் கருத்து. ஒரே ஒரு நர்சரியில் மட்டும் கிடைக்கக்கூடிய உயரத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகளைக் கேட்பது, சாதாரண புல் பதிப்புக்குப் பல கோடி ரூபா வேலை அனுபவம் வேண்டும் என்பது, ஒரு பூங்காவின் வேலையையே நாலைந்து துண்டாக்கிப் பகிரங்க அறிவித்தலின்றிச் சிலரிடம் மட்டும் விலை கேட்பது ஆகியன அதன் வடிவங்கள். பெறுமதி எல்லையைத் தவிர்ப்பதற்காக வேலையைத் துண்டாக்குவதை விதிகள் அனுமதிப்பதில்லை. இத்தகைய நிபந்தனையைக் கண்டால், டெண்டர் மூடும் திகதிக்கு முன்பே எழுத்தில் விளக்கம் கேட்டு, கடிதம் கிடைத்ததற்கான முத்திரையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். நிபந்தனையை ஏற்று விலைமனு இட்டுவிட்டு, தோற்றபின் அதே நிபந்தனையைக் குறைகூறுபவரின் வாதம் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடுவதில்லை.

விலைமனு திறக்கும் வேளையில் நேரில் இருப்பது உங்கள் உரிமை, அதைக் கைவிடாதீர்கள். பெட்டி திறக்கப்பட்டதும் ஒவ்வொருவரின் பெயரும், மொத்த விலையும், தள்ளுபடி இருந்தால் அதுவும், விலைமனுப் பிணைமுறி இணைக்கப்பட்டுள்ளதா என்பதும் உரக்க வாசிக்கப்படும். அங்கே வாசிக்கப்படாத தள்ளுபடியைப் பின்னர் மதிப்பீட்டில் சேர்க்க முடியாது என்பதால், வாசிக்கப்பட்ட ஒவ்வொரு தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒருவருடைய தொகை மாறியிருந்தால் அது உடனே மோசடி ஆகிவிடாது. பிஓகியூ என்று எல்லோரும் சொல்லும் அளவுப் பட்டியலில் கூட்டல், பெருக்கல் பிழை இருந்தால் விலைமனுக்களை மதிப்பிடும் குழு அதைத் திருத்தும். உதாரணமாக, ஒரு சதுர மீற்றர் மலேசியன் புல்லுக்கு 950 ரூபா என்று எழுதியவர், 1,000 சதுர மீற்றருக்கு 905,000 ரூபா என்று தவறாகப் பெருக்கியிருந்தால், அலகு விலையே செல்லுபடியாகி அத்தொகை 950,000 ரூபா ஆகும். இந்த 45,000 ரூபா வித்தியாசத்தில் முதலிடம் இரண்டாமிடமாகிவிடலாம். அப்படித் தோற்றவருக்கு அநீதி இழைக்கப்படவில்லை. ஆனால் அலகு விலையையே பின்னர் மாற்றியிருந்தால் அது பாரதூரமான குற்றச்சாட்டு.

தெரிவாகவில்லை என்ற கடிதம் வந்ததும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கான காலஎல்லை கடிதத்திலோ கேள்விப்பத்திரத்திலோ குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள் நடவடிக்கை எடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக உள்ள நிறுவனமும் இச்சட்டத்தின்படி பிரசையாகக் கருதப்படுவதால், உங்கள் கம்பனியின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டால் வர்த்தக இரகசியம் என்ற பதில் வரக்கூடும். ஆனால் பொதுநலன் மேலோங்கும்போது அந்த விலக்கு நிற்காது. இரகசியமான பகுதியை மறைத்துவிட்டு எஞ்சியதைத் தரவும் சட்டம் வழிசெய்கிறது.

நீதிமன்ற வழிகள் இரண்டு. சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு இடலாம். அதற்கு 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகிறது. தகவல் விண்ணப்பத்தின் பதில் வரும் என்று காத்திருந்தே இந்த ஒரு மாத அவகாசம் கடந்துவிடக்கூடும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குவது நல்லது. மற்றது எழுத்தாணை மனு, அதாவது அரச அமைப்பின் சட்டவிரோத முடிவை இரத்துச் செய்யக் கோரும் ரிட் மனு. உள்ளூராட்சி மாகாண சபை நிரலிலுள்ள விடயம் ஆகையால் மாநகர சபையின் முடிவை எதிர்த்து மேல் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற மத்திய நிறுவனம் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். எழுத்தாணைக்கு நாள் கணக்கு இல்லாவிட்டாலும் தாமதித்தவருக்கு நீதிமன்றம் நிவாரணம் மறுக்கலாம். புல் பதித்து முடிந்தபின் போடும் வழக்கால் ஒப்பந்தம் திரும்பி வருவதில்லை. யாருக்கு வேலை என்று நீதிபதி தெரிவுசெய்யமாட்டார். எடுத்த முடிவு சட்டப்படியானதா என்பதையே பார்ப்பார்.

பணம் கைமாறியதாகச் சந்தேகம் இருந்தால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். போட்டியாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்து விலைமனுவை மீளப்பெறச் செய்வதும், அப்படி மீளப்பெறுவதற்காகப் பணம் வாங்குவதும் குற்றமே. இதில் அரச அலுவலர் எவரும் சம்பந்தப்பட்டிருக்க வேண்டியதில்லை. எனவே, "இந்த முறை விட்டுக்கொடுங்கள், அடுத்தது உங்களுக்கு" என்று பணம் தருவதாகச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்பை ஏற்றுக்கொண்டவரும் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்ல நேரிடும்.