அஷ்டமி நிலாவில் ஒரு முக்கோணம்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று முதலில் சொன்னவர் கோப்பர்நிக்கஸ்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அவருக்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகள் முன்பே சாமோஸ் தீவின் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் சொல்லிவிட்டார். அதைச் சொன்ன நூல் கிடைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் எழுதிவைத்த குறிப்பால்தான் நமக்குத் தெரியும். கோப்பர்நிக்கஸும் இதை அறிந்திருந்தார். கையெழுத்துப் பிரதியில் எழுதி, பிறகு அடித்துவிட்டார். 1543-இல் அச்சான நூலில் அந்தப் பகுதி இல்லை.

அரிஸ்டார்க்கஸின் இன்னொரு நூல் தப்பிப் பிழைத்தது. அதில் சூரிய மையம் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனால் அருமையான ஒரு முக்கோணம் இருக்கிறது.

வளர்பிறை அஷ்டமியன்று பிற்பகலில் சூரியனும் நிலாவும் ஒருசேர வானில் இருக்கும். நிலா சரிபாதி ஒளிர்ந்தால், பூமி–நிலா–சூரியன் முக்கோணத்தில் நிலாவின் முனையில் 90 பாகை. பூமியில் நின்று மற்ற இரண்டுக்கும் இடைக்கோணத்தை அளந்தால் போதும், தூரங்களின் விகிதம் வந்துவிடும். (ஒரு திதி என்பதே நிலா சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலம்தான். 84 முதல் 96 வரை அஷ்டமி. சுபகாரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்கும் திதிதான் வடிவியலுக்கு வாய்த்தது!)

அவர் கொண்ட கோணம் 87 பாகை. அதன்படி சூரியன் நிலாவைவிடச் சுமார் 19 மடங்கு தொலைவு. உண்மையான கோணம் 89 பாகை 51 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. சிக்கல் இங்கேதான்: 89 பாகை என்றால் 57 மடங்கு, 89.5 என்றாலோ 115. தொண்ணூறை நெருங்க நெருங்க விடை தாவுகிறது. நிலா மணிக்கு அரைப் பாகைதான் விலகும். ஒளியின் விளிம்பு எந்தக் கணத்தில் நேர்கோடானது என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. ஐந்தரை மணி நேரம் பிசகினால் கிட்டத்தட்ட மூன்று பாகை போய்விடும்.

கிரகணத்தில் நிலா சூரியனைக் கச்சிதமாக மறைப்பதால் குறுக்களவிலும் அதே 19 மடங்கு. சந்திர கிரகணத்தில் விழும் பூமியின் நிழல் இரண்டு நிலா அகலம் என்று கொண்டு, சூரியனின் குறுக்களவு பூமியைப் போல் ஆறேழு மடங்கு என்று கண்டார். உண்மை 109. ஆனாலும் கன அளவில் முந்நூறு மடங்கு பெரியது ஒரு சின்ன உருண்டையைச் சுற்றுவானேன் என்ற எண்ணம் இங்கிருந்தே பிறந்திருக்கலாம்.

பூமி நகர்ந்தால் விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டாமா? அவை அவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதே அவர் பதில். அந்த இடமாற்றத்தை 1838-இல்தான் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் அளந்து காட்டினார்: ஒரு பாகையைப் பதினோராயிரத்துக்கும் மேல் கூறுபோட்டால் வரும் ஒரு கூறு.